ஒரு மாஸ்டர் செக்-அப் விட்டுச்செல்லும் குப்பையும் புகையும்

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு லேபுக்குப் போகிறோம். கையில் ரப்பர் பட்டை கட்டி மூன்று டியூப் ரத்தம் எடுக்கிறார்கள். சிறுநீருக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா தருகிறார்கள். பிறகு நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ஈ.சி.ஜி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ஓர் ஊசி. மாலையில் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கைக்கு வருகின்றன. மாஸ்டர் ஹெல்த் செக்-அப் முடிந்தது.

அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதற்குப் பெயர் ஸ்கிரீனிங். காய்ச்சலோடு வருகிறவருக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை இதில் சேராது. ஸ்கிரீனிங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நோயும் இருக்காது. இருக்கிற சிலரைக் கண்டுபிடிக்க எல்லோரையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு சோதனையின் சுமை கடுகளவாக இருந்தாலும், எத்தனை பேருக்கு, எத்தனை முறை என்று பெருக்கும்போது மலையாகிறது. 2019இல் வெளியான ஒரு கணக்கு, உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 4.4 சதவீதம் மருத்துவத் துறையிலிருந்து வருவதாகச் சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தேவையான சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருடங்கள் சத்தமே காட்டாமல் இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதன் பிறகு டயாலிசிஸ். கருவிக்குள் பாயும் திரவத்துக்கு மட்டும் நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம், 4 மணி நேர அமர்வு ஒன்றுக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுள் முழுக்க. அதைத் தடுக்கிற ஒரு சிறுநீர்ப் பரிசோதனையைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது வேறு எதுவும் இல்லை. குறைக்க வேண்டியது வேறு: வீணாகும் டியூப், திரும்ப எடுக்கும் ரத்தம், சும்மா ஓடும் இயந்திரம், ரிப்போர்ட் வாங்க மட்டும் போகும் பயணம், யாருக்கும் உதவாத சோதனை.

ஒரு குத்தலில் எத்தனை சோதனை?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஐந்து சாதாரண லேப் சோதனைகளை எடுத்துக்கொண்டு, ஊசி தயாராவதிலிருந்து குப்பை எரிவது வரை கணக்கிட்டு 2020இல் வெளியிட்டார்கள். முழு ரத்த எண்ணிக்கைக்கு 116 கிராம், யூரியா மற்றும் உப்புகளுக்கு 99 கிராம், ரத்தம் உறையும் தன்மைக்கு 82 கிராம் கரியமில வாயு. (மற்ற பசுங்குடில் வாயுக்களையும் இதற்கு ஈடாக மாற்றிச் சேர்த்த கணக்கு இது, கீழே வருகிறவையும் அப்படியே.) ஆனால் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. சோதனைக்கு வந்தது வெறும் 0.5 கிராம்தான். ஏன்? அதற்கென்று தனியாக ஊசி குத்தவில்லை. வேறு சோதனைக்கு எடுத்த டியூபிலேயே அதையும் பார்த்துவிட்டார்கள்.

இந்த ஒரு வித்தியாசமே விஷயத்தை விளக்கிவிடுகிறது. ஊசி, டியூப், கையுறை, பஞ்சு, ஸ்பிரிட் துணி, பிளாஸ்டர், ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் உறை ஆகியவற்றைத் தயாரிப்பதிலும் அப்புறப்படுத்துவதிலும்தான் சுமையின் பெரும்பகுதி சேருகிறது. மாதிரியைச் சோதிக்கும் இயந்திரமான அனலைசர் இழுக்கும் மின்சாரமும் அதில் ஊற்றும் ரசாயனமும் அதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. ஆகவே இன்று சர்க்கரை, அடுத்த வாரம் கொழுப்பு, அதற்கடுத்த வாரம் தைராய்டு என்று மூன்று தடவை குத்திக்கொள்வது, ஒரே தடவை கொடுப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சுமை. லேப்கள் சோதித்து முடித்த சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) குளிர்பெட்டியில் சில நாள் வைத்திருக்கும். டாக்டர் மறுநாள் இன்னொரு சோதனை எழுதினால், மறுபடி கையை நீட்டுவதற்கு முன் “நேற்றுக் கொடுத்த ரத்தத்திலேயே பார்க்க முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். பல சோதனைகளுக்கு முடியும்.

டியூபின் மூடி நிறத்தைத் தெரிந்துகொண்டால் எத்தனை டியூப் தேவை என்பதும் புரியும். ஊதா மூடிக்குள் இடிடிஏ என்ற உறையாமல் தடுக்கும் உப்பு இருக்கிறது. முழு ரத்த எண்ணிக்கை, மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி இரண்டையும் அதே டியூபில் பார்க்கலாம். சாம்பல் மூடியில் சோடியம் ஃபுளோரைடு. இது ரத்தச் சர்க்கரைக்கு. மஞ்சள் அல்லது சிவப்பு மூடி, ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் பிரிக்க. சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு, தைராய்டு எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே வந்துவிடும். ஆக வழக்கமான செக்-அப்புக்கு மூன்று டியூப் போதும். அதிலும், அணுக்களை எண்ணும் கருவி உறிஞ்சுவது ஒரு மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எடுத்த ரத்தத்தில் பெரும்பகுதி மருத்துவக் கழிவாகத்தான் போகிறது.

லேப் தவறுகளில் பெரும்பாலானவை இயந்திரத்துக்குள் மாதிரி போவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. ஒவ்வொரு தவறும் இன்னொரு ஊசி, இன்னொரு டியூப், இன்னொரு பயணம். அடிக்கடி நடப்பவை இவை.

சிவப்பணு உடைதல். ஸ்பிரிட் காயுமுன் குத்துவது, மெல்லிய ஊசி, சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை அழுத்தித் டியூபுக்குள் பீச்சுவது, டியூபைக் குலுக்குவது, குண்டும் குழியுமான சாலையில் டப்பாவுக்குள் டியூப் உருண்டு வருவது எல்லாமே அணுக்களை உடைக்கும். சீரம் இளஞ்சிவப்பாகும், பொட்டாசியம் பொய்யாக ஏறும், மாதிரி நிராகரிக்கப்படும். ஊதா டியூபை 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. கவிழ்க்காமலே விட்டால் உள்ளே கட்டி தட்டி, அதுவும் வீண். ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது.

டியூப் வரிசை மாறுதல். ஊதாவுக்குப் பிறகு மஞ்சளில் எடுத்தால் இடிடிஏ துளி தொற்றிக்கொள்ளும். அந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதாலும் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதாலும், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எகிறியும் கால்சியம் சரிந்தும் வரும். மஞ்சள், ஊதா, சாம்பல் என்பதே சரியான வரிசை.

தாமதம். சாம்பல் மூடி இல்லாத டியூபில் சர்க்கரைக்கு ரத்தம் வைத்தால், அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நோய் இருப்பவருக்கே நார்மல் என்று வந்துவிடலாம்.

கடைசியாக, ஒரு வாய் காபி. விரதம் வேண்டிய சோதனைக்கு 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டுமே குடிக்கலாம். காபி குடித்துவிட்டு வந்தவர் மறுநாள் திரும்ப வர வேண்டும். எச்பிஏ1சிக்கு விரதமே வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது. சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள் என்பதால், சிகிச்சை மாறாதவர் அதை மாதாமாதம் பார்ப்பதிலும் பயன் இல்லை.

சிவப்புப் பை, மஞ்சள் பை

மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை போன்றதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: காகிதம், அட்டை, உறை, சாப்பாட்டு மிச்சம். மீதி 15 சதவீதம் ஆபத்தானது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் நூறும் ஆபத்தானதாகிவிடும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் நான்கு நிறங்களாகப் பிரிக்கின்றன. ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும் மஞ்சளில் போய் எரிக்கப்படுகின்றன. கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச், ரத்த டியூப் போன்ற மறுசுழற்சிக்கு உரிய பிளாஸ்டிக் சிவப்பில் போய், அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகிறது. ஊசியும், விரலில் குத்தும் சிறு ஊசியான லான்செட்டும் குத்தினால் துளையாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடி நீலத்துக்கு. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

தவறு பெரும்பாலும் மஞ்சள் பையில்தான் நடக்கிறது. அவசரத்தில் சிரிஞ்சும் உறையும் கையுறையும் அதற்குள் போய்விடுகின்றன. எரிகலனின் முதல் அறை சுமார் 800 டிகிரி செல்சியஸ், இரண்டாம் அறை சுமார் 1050 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். புகை அந்த இரண்டாம் அறையில் குறைந்தது 2 வினாடி தங்க வேண்டும். சூடு குறைந்தால், பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்சின் உருவாகிக் காற்றில் கலக்கும். உடல் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும் நஞ்சு அது. குளோரின் உள்ள கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட்டில் ஊறிய பொருளை எரிகலனுக்கு அனுப்பக் கூடாது என்பதும் இதனால்தான்.

பிரிக்காமல் விட்ட கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதைத் திருநெல்வேலி மாவட்ட மக்கள் நன்றாக அறிவார்கள். 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து லாரியில் வந்த மருத்துவக் கழிவு அங்குள்ள கிராமங்களில் கொட்டப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் அது லாரிகளில் திரும்பிப் போனது.

லேபில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு தண்ணீர். நடுத்தர அளவு அனலைசர் ஒன்று ஓடும் நேரத்தில் மணிக்கு 20, 30 லிட்டர் சுத்திகரித்த நீரைக் குடிக்கும். அதை உண்டாக்கும் ஆர்.ஓ. கருவி ஒரு பங்கு உப்புநீரை வெளியே தள்ளும். அந்த நீரைக் குழாயில் விட்டுவிடாமல் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் திருப்பும் லேப்கள் செய்வது சரியான வேலை.

படம் எடுக்காத நேரத்து மின்சாரம்

மெல்போர்னில் 2022இல் வெளியான இன்னொரு கணக்கு ஸ்கேன்களைப் பற்றியது. ஒரு எம்.ஆர்.ஐ.க்கு 17.5 கிலோ, சி.டி.க்கு 9.2 கிலோ, நெஞ்சு எக்ஸ்ரேக்கு 0.8 கிலோ, அல்ட்ராசவுண்டுக்கு 0.5 கிலோ கரியமில வாயு. அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடக் கூடியதற்குச் சி.டி. எடுத்தால் பதினெட்டு மடங்கு. சி.டி.யில் கதிர்வீச்சும் உண்டு. அல்ட்ராசவுண்டில் அது அறவே இல்லை.

எம்.ஆர்.ஐ.யின் காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் இருக்கிறது. அந்தக் குளிரைக் காக்கும் கருவி இரவும் பகலும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடியாக வேண்டும். சி.டி.க்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசெல் மருத்துவமனையில் 3 சி.டி.யையும் 4 எம்.ஆர்.ஐ.யையும் ஒரு வருடம் அளந்து பார்த்தபோது, சி.டி. இழுத்த மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, யாரையும் படமெடுக்காமல் சும்மா இருந்த நேரத்தில் போயிருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் வராத ஸ்கேன் மையம், தயாரிப்பாளர் சொன்ன முறையில் இயந்திரத்தை இரவில் அணைத்தால், ஒரு நோயாளியையும் திருப்பி அனுப்பாமல் மின் கட்டணம் குறையும். காலையில் சூடேற்றி அளவு சரிபார்க்கச் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸ்ரே ஃபிலிம் என்பது வெள்ளி பூசிய பாலியெஸ்டர் தாள். இருட்டறையில் கழுவும் பழைய முறையில், ஃபிக்ஸர் கரைசலில் வெள்ளி கரைந்து சேரும். அதைச் சாக்கடையில் ஊற்றினால் நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. மின்பகுப்பு முறையில் பிரித்தெடுத்தால் காசு. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்த பிறகு கழுவும் வேலை போய்விட்டது. ஆனாலும் பழக்கத்தால் இன்றும் ஃபிலிம் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். டாக்டர் திரையில்தான் பார்க்கப் போகிறார் என்றால், “ஃபிலிம் வேண்டாம், செல்போனுக்கு அனுப்புங்கள்” என்று படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அச்சடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

உடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி ரகச் சோதனைகள் குப்பையில் முன்னணியில் இருக்கின்றன. அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் எடைபோட்டபோது ஒரு சோதனைக்குச் சராசரியாக 2.1 கிலோ தூக்கியெறியும் கழிவு வந்தது. குடல் புற்றுநோய்க்கான ஸ்கிரீனிங்கில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருப்பவர்களுக்கு மட்டும் குழாய் விட்டுப் பார்க்கும் முறையைப் பல நாடுகள் கடைப்பிடிப்பதில் இந்த லாபமும் சேர்ந்தே வருகிறது.

காரில் போன ரத்தப் பரிசோதனை

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. லேப் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, கார் லிட்டருக்கு 15 ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் வர 2 லிட்டர், 4.6 கிலோ. ரிப்போர்ட் வாங்க மறுநாள் இன்னொரு தடவை போனால் 9.2 கிலோ; மேலே சொன்ன ஒரு சி.டி. ஸ்கேனுக்குச் சமம். கொடுத்ததோ 116 கிராம் சோதனை. லிட்டருக்கு 45 ஓடும் ஸ்கூட்டரில் போனால்கூட ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது.

அதனால்தான் சோதனையை ஆளிடம் கொண்டுபோகும் ஏற்பாடுகளுக்கு மதிப்பு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கிருந்தபடியே நகரத்து டாக்டர் இணையம் வழியாக நோயாளியைப் பார்க்கிறார். கோளாறு உள்ளவர் மட்டும் பஸ் ஏறுகிறார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஒருவர் ஒரு தெருவுக்கு நடந்துபோய்ப் பார்ப்பதும், அந்தத் தெருவே ஆளுக்கொரு வண்டியில் கிளம்புவதும் ஒன்றாகாது.

எண்பது சோதனை பேக்கேஜ்

விளம்பரத்தில் ‘80 டெஸ்ட், பாதி விலை’ என்று பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சிடும் எல்லை, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. மீதி 5 சதவீதம் பேர் நோயே இல்லாமல் எல்லைக்கு வெளியே இருப்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றாவது எல்லை தாண்டியதாகத் தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு 64 சதவீதம். அதன் பின்னால் பயம், மறுசோதனை, ஸ்கேன், சிறப்பு டாக்டர். 0.5 கிராமில் தொடங்கியது 9 கிலோவில் போய் நிற்கும்.

தென் கொரியாவில் இது நாடளவில் நடந்தது. 1999இல் தொடங்கிய புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டத்தோடு, கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் மருத்துவமனைகள் சேர்த்து விற்றன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உயிருக்கு ஒன்றும் செய்யாத சிறு கட்டிகள். ஆனால் அறுவை சிகிச்சையும், பலருக்கு வாழ்நாள் மாத்திரையும் உண்மை. 2014இல் டாக்டர்கள் சிலரே பொதுவெளியில் எச்சரித்த பிறகு அறுவை சிகிச்சைகள் சரிந்தன. அரை கிலோ கரியமில வாயு மட்டுமே வெளியிடும் ஸ்கேன் ஒன்று எத்தனை அறுவை அரங்குகளை இயக்கியது என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டம். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறும் கண்ணால் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம். லேப் இல்லை, டியூப் இல்லை. விடை அங்கேயே தெரிந்துவிடுவதால் சிகிச்சைக்கென்று பலரை மறுபடி அலையவிட வேண்டியிருக்கவில்லை. 2007இல் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. இன்று இந்தியாவின் தேசியத் திட்டம் 30 முதல் 65 வயதுள்ளவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பரிந்துரைக்கும் புற்றுநோய்ச் சோதனைகளில், வாயைக் கண்ணால் பார்ப்பது, மார்பகத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பது, இந்த அமிலச் சோதனை ஆகிய மூன்றும் இருக்கின்றன. மூன்றுக்கும் வேண்டியது வெளிச்சமும் கையுறையும் பயிற்சியும்.

வீட்டில் சேரும் ஊசி

குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் தினமும் ஒரு லான்செட், ஒரு ஸ்ட்ரிப் சேருகின்றன. அவற்றைக் குப்பைப் பையில் போட்டால், பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் விரலில்தான் ஏறும். ரத்தம் உள்ள ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். அந்த வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும்.

திருகு மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்; தண்ணீர் பாட்டில் மெல்லியது, துளைத்துவிடும். பயன்படுத்திய உடனே ஊசியைப் போட்டு மூடுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் இது வீட்டு அபாயக் கழிவாக வகுக்கப்பட்டது. மக்கும் குப்பையோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பரணில் பழைய பாதரச ரத்த அழுத்தமானி இருந்தால் அதையும் கவனியுங்கள். வெப்பமானியில் ஒரு கிராம் அளவுக்குத்தான் பாதரசம். அழுத்தமானியில் சுமார் 100 கிராம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை இவற்றின் தயாரிப்புக்கும் வணிகத்துக்கும் 2020ஐக் கெடுவாக வைத்தது. கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே போனது தெரிந்ததும் 2001இல் மூடப்பட்டது. அந்த மண்ணைச் சுத்தப்படுத்துவது பற்றிய வாதம் அதன் பிறகு பல ஆண்டுகள் நீண்டது.

வீட்டில் கருவி உடைந்து பாதரசம் சிந்தினால், குழந்தைகளை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தங்க மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவையுங்கள்; பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும். துடைப்பத்தால் பெருக்கினால் மணிகள் இன்னும் சிறிதாகச் சிதறும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சாக்கடைக்குப் போகும். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டைகளால் மணிகளை ஒன்று சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மிச்ச மணிகள் மின்னும். அவற்றை ஒட்டும் டேப்பில் எடுக்கலாம். எல்லாவற்றையும் சிறிது தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி, ‘பாதரசம்’ என்று எழுதி, ஊசி பாட்டிலோடு சேர்க்காமல் தனியாக உள்ளாட்சியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள்.